எழுதாமல் விட்ட தெருவிளக்கு: காவல் நிலையத்தில் கற்றதும் நீதிமன்றத்தில் உறைத்ததும்

நிலைய எழுத்தர் | செவ்வாய், இரவு 9.10

1988-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 2022-ல் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். 34 ஆண்டுகளில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் நிலைய எழுத்தர் மேசையில் கழிந்தன. புலனாய்வு பற்றிப் பேசும்போது எல்லாரும் துரத்திப் பிடித்த கதையைக் கேட்கிறார்கள். நான் ஒரு தெருவிளக்கின் கதையைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக மனத்தில் கிடக்கிறது.

தென் மாவட்டம் ஒன்றில், ஐப்பசி மாதம், மாலை முழுவதும் மழை பெய்து ஓய்ந்த இரவு. வரப்புத் தகராறில் ஒருவரைத் தெருமுனையில் வெட்டிவிட்டார்கள். இறந்தவரின் தம்பி பத்தடி தூரத்தில் நின்று பார்த்திருக்கிறார். பதினொரு மணிக்கு முதல் தகவல் அறிக்கை பதிவாகி, நள்ளிரவுக்கு மேல் ஆய்வாளருடன் சம்பவ இடத்துக்குப் போனோம். அவர் சொல்லச் சொல்ல நான் பார்வை மகசர் எழுதினேன், அதாவது சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் குறிப்பு. வடக்கே இன்னாருடைய ஓட்டு வீடு, தெற்கே ஓடை, கிழமேலாகப் போகும் தார்ச் சாலை, ரத்தம் தோய்ந்த மண், தோயாத மண், இரண்டையும் தனித்தனியே எடுத்து முத்திரையிட்டது. கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் நின்று எழுதிய இடம் தெருவிளக்குக் கம்பத்தின் அடி. மழைக்குக் கிளம்பிய ஈசல் விளக்கை மொய்த்து, இறக்கை உதிர்ந்து, கம்பத்தைச் சுற்றி உமி கொட்டியதுபோல் கிடந்தது. தாளில் விழுந்த ஈசலை ஊதித் தள்ளியபடியே எழுதினேன். நிலையத்துக்குத் திரும்பிக் காலணியைக் கழற்றினால் அடியெல்லாம் இறக்கை. அந்த விளக்கை மகசரில் நான் எழுதவில்லை. சம்பவ இடத்துக்குக் கையால் போடும் மாதிரி வரைபடத்திலும் கம்பத்தைக் குறிக்கவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் எழுதினேன், அதை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டரை ஆண்டுகள் கழித்து செஷன்ஸ் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை. சம்பவ இடத்தில் மின்விளக்கு இருந்ததாகப் பார்வை மகசரில் உள்ளதா? இல்லை. மாதிரி வரைபடத்தில் உள்ளதா? இல்லை. அன்றிரவு அந்தத் தெருவில் மின்சாரம் இருந்ததா என்று மின்வாரிய ஊழியர் எவரையாவது விசாரித்தீர்களா? இல்லை. மூன்று கேள்வி, மூன்று ‘இல்லை’. மழை இரவில், வெளிச்சத்துக்கு ஆதாரம் இல்லாத தெருவில், சாட்சி ஆளை அடையாளம் கண்டார் என்பதை நம்ப இயலவில்லை என்று தீர்ப்பு வந்தது. எல்லாரும் விடுதலை.

இறந்தவரின் தாய் நீதிமன்ற வராந்தாவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மகசர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இங்கே காவல் துறையில் இருப்பவர்கள், வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், வழக்கில் அலைந்த குடும்பத்தார் எல்லாரும் இருக்கிறீர்கள். உங்கள் வழக்கில் எழுதாமல் விட்டது எது, எழுதியதால் நின்றது எது என்று சொல்லுங்கள்.

---

மேல்முறையீட்டுக்காரன் | செவ்வாய், இரவு 10.42

ஐயா, அந்த மூன்று கேள்விகளைக் கேட்கும் இடத்தில் 22 ஆண்டுகளாக நிற்பவன் நான். படித்ததும் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

ஒன்றை மட்டும் மறுக்கிறேன். அது வெறும் வாதத் திறமை அல்ல. உங்கள் வழக்கில் விளக்கு எரிந்தது. விளக்கே இல்லாத தெருவிலும் பகையாளியின் பெயரைச் சொல்லும் சாட்சிகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் நீதிபதி பிரித்தறிய உங்கள் தாளைத் தவிர வேறு வழியில்லை. அவர் அந்தத் தெருவில் நிற்கவில்லை.

முதல் தகவல் அறிக்கையை வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது உள்ளடக்கத்தை அல்ல, ஓரத்தில் நீதித்துறை நடுவர் தம் கையால் எழுதியிருக்கும் நாளையும் நேரத்தையும்தான். ஒரு வழக்கில் இரவு எட்டு மணிக்கு அறிக்கை பதிவானதாக இருந்தது. நடுவர் வீடு நான்கு கிலோமீட்டர். அவர் கைக்குப் போனது மறுநாள் பகல் ஒரு மணி. இந்த 17 மணி நேரத்துக்குள் என்ன நடந்தது என்பதற்கு அரசுத் தரப்பில் பதில் இல்லை. காயம்பட்டு வருபவர் சொல்வதை மருத்துவர் குறித்துவைக்கும் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் ‘தெரிந்த மூன்று நபர்கள் தாக்கியதாக’ என்று இருந்தது. அறிக்கையில் ஏழு பேர். உண்மையான மூவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். பொய்யாகச் சேர்த்த நான்கு பேர்தான் அந்த மூவரையும் காப்பாற்றினார்கள்.

அடுத்தது ஆயுதம் கைப்பற்றுதல். நம் ஊரில் பிடிபட்டவர் எல்லாரும் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் தாமாகவே வாக்குமூலம் கொடுத்து, ஏதோ ஒரு முட்புதரிலிருந்து அரிவாளை எடுத்துக் கொடுப்பதாக எழுதப்படுகிறது. வழக்குக்கு வழக்கு ஊரும் பெயரும் மாறும், வாசகம் மாறாது. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. அதன் விளைவாகப் பொருள் வெளிப்பட்டால் அந்த வெளிப்பாட்டைச் சார்ந்த பகுதி மட்டும் ஏற்கப்படும். பழைய சாட்சியச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 23-ஆம் பிரிவு. சென்னை மாகாணத்திலிருந்து, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போன புலுகுரி கோட்டய்யா வழக்கில் 1946-லேயே இதைக் கத்தியை வைத்து விளக்கிவிட்டார்கள். ‘என் வீட்டுக் கூரையில் ஒளித்த கத்தியை எடுத்துத் தருகிறேன்’ என்பது சாட்சியத்தில் வரும். ‘அந்தக் கத்தியால்தான் இன்னாரைக் குத்தினேன்’ என்பது வராது. எத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன! இன்றும் முழு வாக்குமூலத்தையும் தட்டச்சு செய்து, நீதிமன்றம் அதில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்தே, அந்த ஒரு வரியிலும் உண்மை இல்லாமல் அனுப்புகிறார்கள்.

---

இரண்டு நட்சத்திரம் | புதன், காலை 6.05

பணியில் சேர்ந்து நான்காவது ஆண்டு. உதவி ஆய்வாளர். நிலைய வாசலில் பாரா (காவல்) நிற்பவரிடம் சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுதுகிறேன்.

ஐயா சொன்னதும் வழக்கறிஞர் சொன்னதும் உண்மை. ஆனால் நேற்றைய என் நாளைச் சொல்கிறேன். காலை ஏழு முதல் பத்து வரை பந்தோபஸ்து, பிறகு நீதிமன்றம், மாலை ஊர்த் திருவிழா அமைதிக் கூட்டம், இரவு ரோந்து. இதற்கு நடுவில்தான் விசாரணை. 2024 ஜூலை 1 முதல் சோதனையையும் கைப்பற்றுதலையும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவின்படி காணொளியாகப் பதிய வேண்டும். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று 176-ஆம் பிரிவு சொல்கிறது. மாநிலங்கள் இதைக் கொண்டுவர ஐந்து ஆண்டு அவகாசமும் தருகிறது. நல்ல சட்டம்தான். குற்றப் புலனாய்வுக்கென்று தனி ஆட்களை ஒதுக்காமல், காலையில் போக்குவரத்தைச் சரிசெய்தவனே இரவில் ரத்த மாதிரியும் எடுக்க வேண்டும் என்றால், மறுபடியும் ஒரு தெருவிளக்கு விட்டுப்போகும்.

சம்பவ இடத்தில் முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஐயா சொல்ல வேண்டும்.

---

நிலைய எழுத்தர் | புதன், காலை 11.30

தம்பி, உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். சாக்குச் சொல்வதாக நினைக்கவில்லை.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நான் பழக்கிக்கொண்டது இது. போனதும் பேனாவை எடுக்க மாட்டேன். சாட்சி எங்கே நின்றார் என்று கேட்டு, அதே இடத்தில் போய் நிற்பேன். அங்கிருந்து உடல் கிடந்த இடம் தெரிகிறதா? நடுவில் சுவர், வைக்கோல் போர், மரம் இருக்கிறதா? எந்த வெளிச்சத்தில் பார்த்தார்? காலடியால் அளந்து பிறகு நாடாவால் அளப்பேன். சாட்சி ஒருவர் ‘திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன்’ என்றார். அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே மாட்டுக்கொட்டகைச் சுவர்தான் தெரிந்தது. எழுந்து நின்றால் தெரிந்தது. திரும்பக் கேட்டபோது, சத்தம் கேட்டு எழுந்து நின்றதாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லை அன்றே வாக்குமூலத்தில் எழுதினோம். விசாரணையில் அதையே கேட்டார்கள், பதில் தாளில் இருந்தது.

இன்னொன்று. இறந்தவர் பையில் இருப்பதைச் சில்லறை என்று ஒதுக்காதீர்கள். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில், குண்டு வெடிப்பில் இறந்த புகைப்படக்காரரின் உடலோடு ஒரு கேமரா சேதமாகாமல் கிடந்தது. அந்தப் படச்சுருள்தான் கொலையாளியின் முகத்தைக் காட்டிக்கொடுத்தது. அவ்வளவு சிதறிய இடத்தில் அதை எவரோ ஒருவர் முறையாக எடுத்து வைத்தார்.

---

சவக்கூடத்து மருத்துவர் | புதன், மாலை 4.15

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் தடயவியல் மருத்துவத் துறையில் இருக்கிறேன். இந்த இழையில் எனக்கும் ஒரு பாரம் இருக்கிறது.

ரத்தத்தில் நனைந்த சட்டை ஒன்று எங்களிடம் வந்தது. நகைக்கடைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். கைப்பற்றி 12 நாள். பையைத் திறந்ததும் வந்த நெடியை மறக்க முடியாது. துணி முழுவதும் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. அதில் இரண்டு பேருடைய ரத்தம் இருக்கலாம் என்பதுதான் வழக்கே. மரபணுச் சோதனைக்கு ஏற்ற நிலையில் இல்லை என்று ஆய்வகம் திருப்பிவிட்டது. செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: நிழலில், காற்றில், ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் விரித்துக் காயவைத்து, காகித உறையில் போட்டு முத்திரையிடுவது. வெயிலில் காயப்போடக் கூடாது. இரண்டு பேர் துணியை ஒரே உறையில் போடக் கூடாது.

தூக்கு வழக்குகளில் முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கயிறை மட்டும் சுருட்டி அனுப்புகிறார்கள். முடிச்சுதான் பேசும். கயிறை முடிச்சுக்கு எதிர்ப்புறம் வெட்டி, வெட்டிய முனைகளை நூலால் கட்டி அடையாளமிட்டு அனுப்ப வேண்டும். கழுத்தில் தழும்பு சாய்வாக மேலேறிப் போகிறதா, கிடைமட்டமாகச் சுற்றி வளைக்கிறதா என்பதைக் கயிற்றோடு ஒப்பிட்டால்தான் தானே தொங்கியதா, பிறர் இறுக்கியதா என்ற கேள்விக்குள்ளேயே நாங்கள் நுழைய முடியும்.

விஷம் என்று சந்தேகித்தால் உள்ளுறுப்புகளை உப்பின் செறிவு நிறைந்த கரைசலில் வைத்து அனுப்புகிறோம். அதோடு அந்தக் கரைசலின் மாதிரி ஒரு புட்டியும் தனியே போக வேண்டும். போகவில்லையென்றால், விஷம் கரைசலிலேயே இருந்திருக்கலாமே என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

இவையெல்லாம் நம் ஊருக்குப் புதியவை அல்ல. சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-லேயே தொடங்கிவிட்டது. 1952-ல் தலையில்லாத உடல் ஒன்று டிரங்குப் பெட்டியில் ரயிலேறி மானாமதுரையில் இறங்கியது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டையும் பொருத்தி, இறந்தவர் ஆளவந்தார் என்று நிலைநாட்டியதில் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் பங்கு உண்டு. மரபணுச் சோதனை என்ற பெயரே இல்லாத காலம். பொறுமையாகப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதினார்கள்.

---

நேர்மையானவன் | புதன், இரவு 8.20

எல்லாம் சரி. ஈசல் இறக்கையும் உப்புக் கரைசலும் படித்த குற்றவாளிக்குப் பயன்படலாம். வழிப்பறிக்காரனிடம் மரியாதையாகக் கேட்டால் சொல்வானா? என் மனைவியின் தாலிக்கொடியைப் பறித்தவனை நான்கு தட்டுத் தட்டியதும்தான் நகை அடகுக்கடையிலிருந்து திரும்பியது. கண்ணால் பார்த்தேன். அடிக்காமல் உண்மை வராது. மனித உரிமை பேசுபவர்கள் பறிகொடுத்துப் பார்க்க வேண்டும்.

---

நிலைய எழுத்தர் | புதன், இரவு 10.05

உங்கள் மனைவியின் கழுத்தில் காயம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். கொடியைப் பிடித்து இழுக்கும்போது தோலில் ஆழமாக அறுக்கும். அந்த வலி பொய்யென்று எவரும் சொல்ல முடியாது.

நான் இருந்த நிலையம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரையும் ஆளையும் கேட்காதீர்கள். 22 வயதுப் பையன். ஏற்கெனவே ஒரு சைக்கிள் திருட்டில் உள்ளே போய் வந்தவன். ஆறு மாதத்தில் நடந்த சங்கிலிப் பறிப்புகள் மூன்று துலங்காமல் கிடந்தன. மேலே இருந்து அழுத்தம். அவனைக் கொண்டுவந்தார்கள். என்ன செய்தார்கள் என்று எழுதப் போவதில்லை. மறுநாள் காலை மூன்றையும் ஒப்புக்கொண்டான். தேதி, இடம், எந்தக் கையால் பறித்தான் என்பது வரை சொன்னான். நான்தான் எழுதினேன். எழுத்து அழகாக இருக்கும் என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

எழுதி முடித்துப் பதிவேட்டைப் புரட்டினேன். இரண்டாவது பறிப்பு நடந்த நாளில் அவன் கிளைச் சிறையில் இருந்தான். சைக்கிள் வழக்கில் ஜாமீன் கிடைக்க அதற்குப் பிறகு ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. கதவு பூட்டிய சிறைக்குள் இருந்தவன் வெளியே தெருவில் சங்கிலி பறித்ததாகத் தன் வாயால் சொல்லியிருக்கிறான். வலி நிற்க வேண்டும் என்பதற்காக என்ன கேட்டாலும் ‘ஆமாம்’ என்றிருக்கிறான். ஆய்வாளரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அந்த ஒன்றை எடுத்துவிடு’ என்றார். மற்ற இரண்டையும் அவன் மேலேயே வைத்துக்கொண்டார். நானும் பேசாமல் எடுத்துவிட்டேன். அதுதான் என் குற்றம், இன்றுவரை.

ஏழு மாதம் கழித்து வேறு மாவட்டத்தில் ஒருவன் பிடிபட்டான். மூன்றாவது பறிப்பில் கீழே விழுந்து கிடந்த இருசக்கர வாகனத்தின் கண்ணாடியிலிருந்து எடுத்த கைரேகை அவனுடையது. அந்த ரேகை அத்தனை நாளும் கைரேகைப் பிரிவில் காத்துக்கொண்டுதான் இருந்தது. அந்த ஏழு மாதத்தில் உண்மையான திருடன் வெளியே என்ன செய்தான், எத்தனை பேர் கழுத்தை அறுத்தான் என்று கணக்குப் பாருங்கள். அடி வாங்கிய பையன் ஒப்புக்கொண்டதும் நாங்கள் தேடுவதை நிறுத்திவிட்டோம். அடியின் முதல் கேடு இதுதான் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். அது தேடலை முடித்துவைத்துவிடுகிறது.

உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு உதவி ஆய்வாளர்கள். நம் தம்பி ‘இரண்டு நட்சத்திரம்’ இருக்கும் அதே பதவி. அடிக்காமல் உண்மையைக் கண்டுபிடிக்கும் வழியை உலகத்துக்கு எடுத்துக் கொடுத்தவர்கள் நம் நாட்டு உதவி ஆய்வாளர்கள்தான் என்று பயிற்சிப் பள்ளியிலேயே பெருமையாகச் சொல்லித்தர வேண்டும்.

---

மேல்முறையீட்டுக்காரன் | புதன், இரவு 10.50

சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் 2020 ஜூனில் காவலில் இறந்தார்கள். ஊரடங்கில் கடை திறந்து வைத்த விவகாரம். கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை. கைது செய்யும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே வகுத்துக் கொடுத்திருந்தது: கைதுக் குறிப்பு, சாட்சி, உறவினருக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை. எல்லாம் இருந்தும் இரண்டு உயிர் போனது. அங்கே உண்மை வெளிவர வழிசெய்தவர்களில் ஒருவர் அதே நிலையத்தில் பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர். நடுவரிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். ‘நேர்மையானவன்’ அவர்களே, நீங்கள் சூட்டிக்கொண்ட பெயர் அவருக்குப் பொருந்தும்.

---

வைகாசி மகள் | வியாழன், காலை 7.40

ஐயா, நான் இந்தக் குழுவுக்குப் புதியவள். இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே கேட்கிறேன்.

என் அப்பா இறந்து இன்றோடு 11 நாள். இரவு வேலை முடித்துச் சைக்கிளில் வந்தவரைப் புறவழிச்சாலையில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. வழியில் போன ஒருவர் ஒன்பதே முக்காலுக்கு 108-க்கு அழைத்திருக்கிறார். ஒன்பதரைக்கு அப்பா அம்மாவிடம் கைப்பேசியில் பேசியிருக்கிறார். எனவே இந்தப் பதினைந்து நிமிடத்துக்குள்தான். நிலையத்தில் கேட்டால், அருகில் உள்ள டீக்கடைக் கேமராவைப் பார்த்துவிட்டோம், அந்த நேரத்தில் சந்தேகப்படும்படியான வண்டி எதுவும் இல்லை, விசாரணை நடக்கிறது என்கிறார்கள். முதல் தகவல் அறிக்கை நகலும் எங்களுக்கு வரவில்லை. அம்மா சாப்பிடுவதில்லை. சைக்கிள் நிலைய வாசலில் மழையில் கிடக்கிறது.

---

நிலைய எழுத்தர் | வியாழன், காலை 8.15

அம்மா, உங்கள் அப்பாவுக்கு நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். முதலில் அந்தக் கேமரா. கடைக் கேமராக்கள் பெரும்பாலும் 15 நாளோ 30 நாளோதான் சேமித்து வைக்கும். பிறகு பழையதன் மேலேயே புதியது பதிந்துவிடும். உங்களுக்கு நாள் அதிகம் இல்லை. இன்றே கடைக்காரரிடம் போய், அழிய விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். ஆய்வாளருக்கு ஒரு மனு எழுதி, அந்தப் பதிவைக் கைப்பற்றுமாறு கேட்டு, பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். நகல் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் போகட்டும்.

முதல் தகவல் அறிக்கை நகல் இலவசமாகத் தர வேண்டியது. தயங்காமல் கேளுங்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலும் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

சைக்கிளை எவரும் துடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அடித்த வண்டியின் வண்ணம் அதில் ஒட்டியிருக்கலாம். மழை படாமல் உள்ளே வைக்கும்படி அந்த மனுவிலேயே எழுதுங்கள்.

---

இரண்டு நட்சத்திரம் | வியாழன், காலை 8.50

சகோதரி, ஒன்று கேட்கிறேன். டீக்கடைக் கேமராத் திரையில் ஓடும் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று எவராவது பார்த்தார்களா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு நகைக்கடை வழக்கில் நானே ஏமாந்தேன். மின்தடை வந்து வந்து போனால் சில பதிவுக் கருவிகளின் கடிகாரம் பின்தங்கிவிடும். சில முன்னே ஓடும். திரையில் 9.30 முதல் 9.45 வரை மட்டும் பார்த்தால் வேறொரு நேரத்தைப் பார்த்துவிட்டு வருவோம். கடைக்குப் போனதும் உங்கள் கைப்பேசி நேரத்தையும் திரை நேரத்தையும் ஒரே படத்தில் வருமாறு படம் எடுங்கள். ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் பாருங்கள்.

---

மேல்முறையீட்டுக்காரன் | வியாழன், காலை 9.30

பதிவு கிடைத்தால் நீங்கள் நகல் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) பரப்ப வேண்டாம். காவல் துறை கைப்பற்றும்போது பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் நல்ல பதிவுகள் நீதிமன்றத்தில் நிராகரிக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வண்டி கிடைக்காமலே போனாலும், அடித்துவிட்டு ஓடிய விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி 2 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. வருவாய்த் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது புலனாய்வு அதிகாரியின் கடமை, பி.என்.எஸ்.எஸ். 193. மனுவை எழுதித் தர நான் இருக்கிறேன், கட்டணம் வேண்டாம்.

---

வைகாசி மகள் | வெள்ளி, மாலை 6.20

ஐயா, நேற்று மாமாவுடன் டீக்கடைக்குப் போனேன். கைப்பேசியில் 11.04. திரையில் 10.42. இருபத்திரண்டு நிமிடம் பின்னால் ஓடுகிறது.

கடைக்கார அண்ணன் திரையில் ஒன்பது மணியிலிருந்து ஓட்டினார். 9.14-க்கு அப்பா கடையைத் தாண்டிப் போகிறார். டிபன் கேரியர் சைக்கிள் பிடியில் ஆடுகிறது. 9.15-க்கு ஒரு சரக்கு வாகனம் போகிறது. திரும்பி வரும் வண்டிகளில் அது இல்லை. ஒரு பக்க முகப்பு விளக்கு எரியவில்லை. பின்பக்கத் தார்ப்பாய் நீலம். நான் அழவில்லை. மாமாதான் அழுதார்.

வழக்கறிஞர் ஐயா எழுதித் தந்த மனுவோடு நிலையத்துக்குப் போனோம். முதலில் பார்த்த காவலர், ‘இந்த நேரத்தைத்தானே நான் பார்க்கவில்லை’ என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாளைக் காலை பதிவுக் கருவியைக் கைப்பற்ற வருவதாக உதவி ஆய்வாளர் சொன்னார்.

---

நிலைய எழுத்தர் | வெள்ளி, மாலை 6.55

அம்மா, நாளைக்குக் கட்டாயம் உடனிருங்கள். மகசர் எழுதும்போது உதவி ஆய்வாளரிடம் பணிவாகக் கேளுங்கள்: கருவியின் கடிகாரம் இந்திய நேரத்தைவிட 22 நிமிடம் பின்தங்கியிருப்பதைச் சாட்சிகள் முன்னிலையில் ஒப்பிட்டுப் பார்த்ததாக ஒரு வரி எழுத வேண்டும். ஒப்பிட்ட நேரமும் அதில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால், அப்பா அம்மாவிடம் ஒன்பதரைக்குப் பேசியதும் திரையில் 9.14-க்குக் கடையைத் தாண்டியதும் பொருந்தாது. எதிர்த்தரப்பு முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

தம்பி ‘இரண்டு நட்சத்திரம்’, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

---

வைகாசி மகள் | சனி, பகல் 1.10

எழுதினார்கள் ஐயா. நான் கேட்பதற்கு முன்பே உதவி ஆய்வாளர் தம் கைக்கடிகாரம், கிராம நிர்வாக அலுவலர் கைப்பேசி இரண்டையும் திரையோடு வைத்துப் பார்த்தார். காலை 10.31 என்றும் திரையில் 10.09 என்றும் எழுதினார். கடை முன்னால் உள்ள விளக்குக் கம்பம் எரிகிறதா என்று மின்வாரியத்தில் கேட்க வேண்டும் என்றும் குறித்துக்கொண்டார்.

கையெழுத்துப் போடும் முன் கடைக்கார அண்ணனுக்கு முழுவதையும் படித்துக் காட்டினார்கள். நான் அருகில் நின்று கேட்டேன். சைக்கிளைத் தார்ப்பாய் போட்டு உள்ளே எடுத்து வைத்திருக்கிறார்கள். பின் மட்கார்டில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் வண்ணம் ஒட்டியிருக்கிறது, அப்பாவின் சைக்கிள் கறுப்பு. அதையும் எழுதியிருக்கிறார்கள்.